வடசென்னையின் இரைச்சலுக்கு யார் சட்டம் எழுதுவது?

ஒலி மாசு வழக்குகளில் இந்திய நீதிமன்றங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தீர்ப்பு ஒன்று மாதவரம் நெடுஞ்சாலையில் தொடங்கியது. அங்கே கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக்கூடம் இருந்தது. டிரம், கிட்டார், ஒலிபெருக்கி சேர்ந்த ஆராதனையின் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் நலச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாசு கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்கள் வந்து ஒலியை அளந்தார்கள். சத்தம் ஜெபக்கூடத்திலிருந்து மட்டும் வரவில்லை, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்தும் வருகிறது என்று அவர்களுடைய அறிக்கை சொன்னது. உயர் நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே உத்தரவிட்டது: இரைச்சல் எழுப்பும் வண்டிகள் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும், ஜெபக்கூடம் தன் ஒலிபெருக்கியைத் தாழ்த்த வேண்டும். ஜெபக்கூடத்தார் மேல்முறையீடு செய்தார்கள். 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பு இன்று நினைக்கப்படுவது, அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்துக்காக. வண்டிகளைப் பற்றிய பாதி பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. ஜெபக்கூடத்துக்கு ஒரு கதவு உண்டு, தட்டலாம். பொறுப்பாளர் உண்டு, சம்மன் அனுப்பலாம். சாலைக்கு அப்படி ஒருவர் இல்லை. அதிலும் துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கு இல்லவே இல்லை. வடசென்னையின் ஒலிச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வழக்கிலேயே அடங்கியிருக்கிறது என்பேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரையிலான கரையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகக் கட்டுமானம் 1870-களில் தொடங்கியது. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பிறகு எம்.ஆர்.எஃப்., 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர, இரசாயன ஆலைகளும், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவையெல்லாம் வருவதற்கு முன்பே அங்கே குப்பங்கள் இருந்தன. காசிமேடு, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், பெரியகுப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகியவை ஆலைகளுக்கு அருகே வந்து குடியேறிய ஊர்கள் அல்ல. ஆலைகள்தாம் அவற்றின் அருகே வந்தன. ‘தொழிற்பகுதியில் குடியிருந்தால் சத்தம் இருக்கத்தான் செய்யும்’ என்று சொல்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இன்றைய இரைச்சலில் பெரும் பங்கு கண்டெய்னர் லாரிகளுடையது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காகக் காத்திருக்கும் டிரெய்லர்களின் வரிசை காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் விரைவுச்சாலையில் வடக்கே நீளும். ஓட்டுநர்கள் வண்டியிலேயே சமைத்துத் தூங்கி, சில வேளை நாள் கணக்கில் நகர்ந்து நகர்ந்து போக வேண்டியிருந்த காலங்களும் உண்டு. காலியான டிரெய்லர் பள்ளத்தில் இறங்கினால் இரும்பு இரும்போடு மோதும் அதிர்வு வீட்டுச் சுவருக்குள் வரும். ஏர் பிரேக்கின் சீறல், ஏர் ஹாரன், நின்றபடியே ஓடும் என்ஜின் எல்லாம் இரவு பகல் பாராமல் கேட்கும். அந்த ஓட்டுநரும் இந்த இரைச்சலின் நடுவேதான் தூங்குகிறார். அவரைக் குற்றவாளியாக்குவது எளிது, பயனில்லை. நெரிசலைத் தீர்க்க வந்த எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. புதிய வடிவில் 2022 மே மாதத்தில் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். இந்த இடைவெளியில் பிறந்த குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்கே வந்துவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987-ல் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தி, ஒலியையும் காற்று மாசு என்ற வரையறைக்குள் கொண்டுவந்தார்கள். 2000 பிப்ரவரியில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒலி மாசு விதிகள் வந்தன. அவை ஊரை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை.

குடியிருப்பின் இரவுக்கும் தொழிற்பகுதியின் இரவுக்கும் 25 டெசிபல் வித்தியாசம். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 25 கூடினால் ஏறத்தாழ 300 மடங்கு. உலக சுகாதார அமைப்பு 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நம் குடியிருப்புகளுக்கான இரவு வரம்பும் அதே எண்தான். ஆக, எர்ணாவூரில் ஒரு குடும்பம் வாழும் தெருவைக் குடியிருப்பு என்று எழுதுவதா, தொழிற்பகுதி என்று எழுதுவதா என்பது அந்தக் குடும்பத்தின் தூக்கத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. இரண்டும் கலந்த இடம் என்றால்? விதிகளின் அட்டவணைக் குறிப்பு அதற்கும் பதில் வைத்திருக்கிறது: கலப்புப் பகுதியை நான்கில் ஏதேனும் ஒரு வகையாகத் தகுதியுள்ள அதிகாரம் அறிவிக்கலாம். வடசென்னைக் கரை முழுவதும் கலப்புப் பகுதிதான். ஆலை மதிலின் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கொதிகலன். இங்கே வகை பிரிப்பது ஓர் அரசியல் முடிவு. அது அலுவலகக் கோப்பில் முடிந்துவிடுகிறது. மாநகராட்சி மாமன்றத்தில் ஒரு நாளும் பெரிய விவாதமாவதில்லை.

புகார் கொடுக்கவும் ஒரு தடை இருக்கிறது. பொதுவாக, வரம்பைவிட 10 டெசிபல் கூடினால்தான் புகாருக்கு இடம். தொழிற்பகுதி என்று எழுதப்பட்ட தெருவில் பகலில் 85 டெசிபலைத் தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதை அளக்கக் கருவி வேண்டும். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2011-ல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பில் சென்னைக்குக் கிடைத்தவை பத்து நிலையங்கள்: கிண்டி, தி. நகர், திருவல்லிக்கேணி, எழும்பூர் கண் மருத்துவமனை, பெரம்பூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி, வண்ணாரப்பேட்டை, அண்ணா நகர், சௌகார்பேட்டை. அந்தப் பத்தில் திருவொற்றியூரும் இல்லை, எண்ணூரும் இல்லை, மணலியும் இல்லை. துறைமுகச் சாலையின் இரைச்சல் அளவீட்டுக்குள்ளேயே வரவில்லை என்றால், வரம்பு மீறல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

இந்த விதிகளை நடைமுறைப்படுத்தும் ‘அதிகாரம்’ யார்? மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரி. ஒலி பற்றிய தரவுகளைச் சேகரிப்பது மாசு கட்டுப்பாட்டு வாரியம். உள்ளாட்சி அமைப்புகளுக்கு விதிகள் தரும் இடம், வளர்ச்சித் திட்டங்கள் தீட்டும்போது ஒலியையும் வாழ்க்கைத் தரத்தின் ஓர் அளவுகோலாகக் கருத வேண்டும் என்ற அறிவுறுத்தல். நல்ல வாசகம். ஆனால் அதை மீறினால் என்ன ஆகும் என்று எங்கும் இல்லை.

நகராட்சிகளுக்கு இந்த விஷயத்தில் அதிகாரமே இருந்ததில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டமும், அதையொட்டி வந்த 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இன்று படித்தாலும் வியக்க வைப்பவை. ஆவியாலோ மின்சாரத்தாலோ எந்திரம் ஓட்டும் பட்டறைக்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். பட்டறையில் எரிக்கும் எரிபொருளாலோ, எழும் சத்தத்தாலோ, அதிர்வாலோ அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்று நிர்வாக அதிகாரி கருதினால், குறித்த காலத்துக்குள் அதைக் குறைக்கும்படி உத்தரவிடலாம். சத்தம், அதிர்வு, எரிபொருள் என மூன்றும் சட்டத்தின் வாசகத்திலேயே உண்டு. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்த காலத்தில் இந்த 1920 சட்டத்தின்படிதான் நடந்தன. 2011-ல் அவை சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. திருவொற்றியூர் முதலாவது மண்டலமானது. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டங்கள் விடைபெற்றன.

பட்டறைகளின் காலத்தில் எழுதிய அதிகாரம், அனல்மின் நிலையங்களின் காலத்தில் ஏன் பயன்படாமல் போனது? பெருந்துறைமுகங்கள் அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. மின் நிலையங்கள் மாநில அரசின் அல்லது ஒன்றிய அரசின் நிறுவனங்கள். துறைமுகச் சாலைகள் நெடுஞ்சாலை ஆணையத்திடமும் அதன் துணை நிறுவனத்திடமும் இருக்கின்றன. சரக்கு ரயில் ரயில்வேயுடையது. இது போதாதென்று காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாறிய எண்ணூர்த் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம் மூன்றுமே கொசஸ்தலை ஆற்றின் அக்கரையில், மாநகராட்சி எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. புகையும் சாம்பலும் லாரியும் எல்லையைத் தாண்டி வருகின்றன. மாநகராட்சியின் நோட்டீஸ் தாண்டிப் போக முடியாது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளில் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் எட்டாவதாகச் சேர்த்தது. ஒப்படைப்பதா வேண்டாமா என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டது.

கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு மாநகராட்சி எழுதிய விதிகள் எவை என்று பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. 2019-ல் திடக்கழிவு மேலாண்மைத் துணைவிதிகள் வந்தன. வீட்டுக்காரர் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும், தவறினால் அபராதம். அதே ஆண்டு ஜனவரியில் மாநில அரசின் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடை நடப்புக்கு வந்தபோது, கடைகளில் பைகளைப் பறிமுதல் செய்யும் வேலை மாநகராட்சிக்கு வந்தது. 2025-ல் கட்டுமான இடங்களில் எழும் தூசுக்கு விதிமுறைகள் வகுத்து, பெரிய கட்டடங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றார்கள். இவை தேவையானவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விதிகள் எட்டுவது வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் கட்டடக்காரரையும்தான். வீடு கட்டுபவர் மணல் குவியலைத் தார்ப்பாயால் மூட வேண்டும் என்று சொல்ல முடிகிற மாமன்றத்தால், அதே வார்டின் வழியாகப் போகும் நிலக்கரி லாரியைப் பற்றி விதி எழுத முடியவில்லை. 2023 ஜூனில் வெளியான சென்னைக் காலநிலைச் செயல் திட்டமும் இப்படித்தான். மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, திடக்கழிவு, வெள்ளமும் நீர்ப் பற்றாக்குறையும், நலிந்த மக்களின் நலம் என ஆறு தலைப்புகள். 2050-க்குள் கார்பன் சமநிலை என்ற இலக்கு. ஒலி அந்த ஆறில் இல்லை.

நகரின் சட்டம் எட்டாத இடத்தில் நீதிமன்றம் எட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு 2011 ஒரு பாடம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் இரும்புத் தாதும் ராயபுரம் வீடுகளின் மொட்டை மாடியில் கரும்படலமாகப் படிந்தன. காய்கிற துணியும் கருத்தது. வழக்குகள் நடந்தன. அந்த ஆண்டு மே மாதத்தில், அவ்விரண்டையும் அங்கே கையாளுவதை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 1 முதல் நின்றது. ராயபுரத்துக்கு நிம்மதி, நியாயமான நிம்மதி. நிலக்கரி எங்கே போனது? சுமார் 24 கிலோமீட்டர் வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கலந்துகொண்டிருந்தது. ராயபுரத்தாரின் மனுவை விசாரித்த நீதிமன்றத்தின் முன் காட்டுக்குப்பத்து மீனவர் நிற்கவில்லை. அதில் நீதிமன்றத்தின் தவறு எதுவும் இல்லை. வழக்கு, வந்தவரின் குறையைத் தீர்க்கும். இரண்டு ஊரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது நகர ஆட்சியின் வேலை. அந்த மேசை காலியாக இருந்தது.

ஒலிச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அந்த மாதத்திலேயே, புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் அலையாத்தி வேர்களில் படிந்திருந்தது. அம்மோனியா கசிந்த இரவில் மக்களை எழுப்பியவை நெடியும் மூச்சுத்திணறலும். இருட்டில் கைக்குழந்தைகளோடு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மணிக்கு மணி ஏதாவதொரு சத்தம் கேட்கிற ஊரில், உயிர் காக்கும் எச்சரிக்கை ஒலி மக்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் ஒலி பற்றிய சட்டத்தின் பகுதியாக வேண்டாமா? ஆலை வளாகத்துக்குள் சங்கு ஊதினால் போதாது. குப்பத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்க வேண்டும், கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெளியுலகில் நகரங்கள் என்ன செய்கின்றன? நியூயார்க் நகர மன்றம் தன் ஒலிச் சட்டத்தை 2005-ல் புதிதாக எழுதியது. 2007 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு கட்டுமான இடமும் இரைச்சலைக் குறைக்கும் திட்டத்தை எழுதி வைத்திருக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ம் ஆண்டு ஆணை, ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒலி வரைபடம் தயாரிக்க வேண்டும் என்கிறது. துறைமுகங்களையும் அந்த வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பதைத் தனியே குறிப்பிடுகிறது. நமக்கு நெருங்கிய கதை லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே துறைமுகம் நகராட்சியின் ஒரு துறை. 2008-ல் அது லாரிகளுக்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய டீசல் லாரிகளைப் படிப்படியாக வெளியேற்றியது. லாரி நிறுவனங்கள் வண்டிகளைத் தெருவில் நிறுத்தாமல் தனி இடம் காட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியது. லாரி உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறுத்துமிட நிபந்தனை கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரண் என்று ஒருமனதாக நீக்கியது. பழைய லாரிகளுக்கான தடை நிலைத்தது. துறைமுகத்தையே சொந்தமாக வைத்திருக்கும் நகரமும் மேல்மட்டச் சட்டத்தோடு மோதித்தான் ஆகிறது. ஆனாலும் அது எழுதியது, தோற்றதைத் தவிர மற்றது நின்றது. சென்னை இன்னும் எழுதவே இல்லை.

எழுத இடம் இருக்கிறது. ஒலி விதிகளில் ‘அதிகாரம்’ என்ற வரையறை, மாநில அரசு சட்டப்படி அதிகாரமளிக்கும் எந்த அதிகாரியையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிவானது. மண்டல அலுவலர்களுக்கும் அந்த அதிகாரத்தைத் தர ஓர் அரசாணை போதும். நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. கலப்புப் பகுதிகளைக் குடியிருப்பு என்றே அறிவிக்க வேண்டும் என்று மாமன்றம் தீர்மானம் போடலாம்; அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் கண்டெய்னர் கிடங்குகளும் லாரிப் பட்டறைகளும் அதன் தொழில் உரிமத்துக்குள் வருபவை. இரவு நேர ஏற்றி இறக்கலுக்கும், வண்டிகளை உள்ளே நிறுத்துவதற்கும் உரிம நிபந்தனை விதிக்கலாம். துணைவிதிக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது உண்மை. ஒப்புதல் மறுக்கப்பட்டால் யார் மறுத்தார்கள் என்பதாவது பதிவாகும்.

இதைத் தாமதிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. சென்னைப் பெருநகரின் நிலப்பயன்பாட்டை வகுக்க 2008-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்தது 2046 வரைக்குமானது. எர்ணாவூரின் ஒரு தெரு குடியிருப்பா தொழிற்பகுதியா என்பதை அதன் நிலப்பயன்பாட்டு வரைபடம் இருபது ஆண்டுகளுக்கு எழுதிவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி மண்டலங்களின் மாமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் ஒன்றாக ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். அந்த வார்டுகளில் வாழ்பவர்கள் கையில் 2022-ல் வந்த பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தெருவிளக்கோடும் சாக்கடையோடும் சேர்த்து இதையும் கேளுங்கள்: எங்கள் தெரு எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது, இங்கே ஒலியை எப்போது அளப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.